மரத்தை வெட்டுமுன் வரைபடத்தை விரி!

டாப்ஸ்லிப் என்ற பெயர் எப்படி வந்தது என்று அங்கே சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பிரிட்டிஷ் காலத்தில் ஆனைமலைக் காட்டில் வெட்டிய தேக்குத் தடிகளை யானைகள் மலை விளிம்புவரை இழுத்துவரும். அங்கிருந்து சரிவில் சறுக்கிவிடுவார்கள். தடி கீழே சமவெளிக்குப் போய்ச் சேரும். சறுக்கிவிடும் மேல் முனைதான் டாப்ஸ்லிப்.

மரம் வெட்டும் தொழிலில் மரத்தை வெட்டுவது சின்ன வேலை. நல்ல ரம்பம் இருந்தால் நூறு வயது மரத்தைக்கூட சில நிமிடங்களில் சாய்த்துவிடலாம். பல டன் எடையுள்ள தடியை நடுக்காட்டிலிருந்து லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. காடு பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் தீர்மானமாகிறது. பழைய ஆட்கள் இதற்கு மலைச் சரிவையும் ஆற்றையும் நம்பினார்கள். பர்மாவில் 1856-லிருந்து டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வன அதிகாரி ஒழுங்குபடுத்திய முறையில், தேக்கு மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, சுமார் மூன்று வருடம் நின்றபடியே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், காய்ந்தது மிதக்கும். பிறகு யானை அதை ஓடைக்கு இழுக்கும். மழைக்காலத்து வெள்ளம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ரோடு என்ற பேச்சே அதிகம் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புல்டோசர் காட்டுக்குள் நுழைந்தது. அதற்கு சரிவும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். குறுக்கே நிற்பதைத் தள்ளிவிட்டுப் போகும். போர்னியோவிலும் அமேசானிலும் ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையிலும் ஒரே மாதிரி ஒரு பழக்கம் வேரூன்றியது: முதலில் ரம்பக்காரர் போய் நல்ல மரமாகப் பார்த்துச் சாய்ப்பார். சில நாள் கழித்து புல்டோசர் ஓட்டுநர் அந்த மரங்களைத் தேடிக்கொண்டு போவார். கையில் வரைபடம் கிடையாது. இடைவெளி தெரிகிற பக்கம் வண்டியைத் திருப்புவார். ஒரு தடி கிடைத்தால் சங்கிலி மாட்டி இழுத்துவருவார். அடுத்த தடிக்கு வேறு வழியில் நுழைவார்.

மழைக்காட்டில் எல்லா மரத்தையும் வெட்டுவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். விலைபோகும் இனங்களில், குறிப்பிட்ட பருமனுக்கு மேல் வளர்ந்தவற்றை மட்டுமே எடுப்பார்கள். காங்கோ படுகையில் ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, ஒன்றிரண்டு மரம்தான். அமேசானில் சில மரங்கள். போர்னியோவில் எட்டு, பத்து என்றும் போகும். மீதியை விட்டுவைத்தால், 30, 40 வருடம் கழித்து இன்று இளசாக நிற்பவை பெருத்திருக்கும். திரும்ப வந்து வெட்டலாம். காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. பத்து மரம் எடுக்கப்போன புல்டோசர் எத்தனை இளமரங்களை மிதித்துவிட்டு வந்தது என்ற கேள்வியில்தான் அது இடறி விழுகிறது.

மின் கம்பெனி கொடுத்த பணம்

1992-ல் ஒரு வினோதமான ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பவர் என்ற மின்சாரக் கம்பெனி, மலேசியாவின் சபா மாநிலத்தில் காட்டு உரிமம் வைத்திருந்த இன்னோபிரைஸ் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க முன்வந்தது. மரம் வெட்டாதே என்று சொல்வதற்காக அல்ல. வெட்டு, ஆனால் சேதம் குறைவாக வெட்டு என்பதற்காக. மின் நிலையம் வெளிவிடும் கரிமத்துக்கு ஈடாக, காட்டில் அழியாமல் தப்பும் மரங்களின் கரிமத்தைக் கணக்கில் எழுதிக்கொள்வது நோக்கம். இன்று கார்பன் கிரெடிட் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதன் ஆரம்பகாலப் பரிசோதனைகளில் இது ஒன்று. உலு செகாமா காட்டில் 1,400 ஹெக்டேர் இதற்காக ஒதுக்கப்பட்டது.

அங்கே செய்ததில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. வெட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே ஆட்கள் போய், மரத்துக்கு மரம் பின்னிக் கிடக்கும் பெருங்கொடிகளை வெட்டிவிட்டார்கள். கொடி பிணைத்திருந்தால் ஒரு மரம் சாயும்போது பக்கத்து மரங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். எடுக்கவேண்டிய மரங்களுக்கு எண் போட்டு வரைபடத்தில் குறித்தார்கள். புல்டோசர் போகவேண்டிய இழுவைப் பாதையை முதலிலேயே தரையில் நடந்து பார்த்து அடையாளம் வைத்தார்கள். மரத்தை எந்தப் பக்கம் சாய்க்கவேண்டும் என்பதைக்கூட அந்தப் பாதையைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

மிஷெல் பினார்ட், ஃபிரான்சிஸ் புட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதையும், பக்கத்தில் வழக்கம்போல் வெட்டிய பகுதியையும் ஒப்பிட்டு 1996-ல் எழுதினார்கள். வழக்கமான முறையில், வெட்டாமல் விட்ட மரங்களில் நூற்றுக்கு 41 சேதமாகியிருந்தன. திட்டமிட்ட இடத்தில் 15. புல்டோசர் கிளறிய நிலப்பரப்பும் அப்படித்தான்: ஒரு பக்கம் மொத்தப் பரப்பில் சுமார் 17 சதவிகிதம், மறுபக்கம் 6 சதவிகிதம்.

17 சதவிகிதம் என்றால் ஆறில் ஒரு பங்கு. ஆறு ஏக்கர் தோப்பில் நல்ல மரங்களை மட்டும் வெட்டித் தருகிறேன் என்று ஒருவர் வந்து, போகும்போது ஒரு ஏக்கரை வண்டித்தடமாக ஆக்கிவிட்டுப் போனால் நாம் சும்மா விடுவோமா?

வண்டித்தடம் ஏன் அத்தனை கெடுதல்? மழைக்காட்டு மண்ணின் வளம் பெரும்பாலும் மேல் சில அங்குலங்களில்தான் இருக்கிறது. புல்டோசரின் இரும்புத் தகடு அதைச் சுரண்டி ஓரத்தில் தள்ளுகிறது. அடியில் இருக்கும் மண் பாரத்தில் இறுகுகிறது. இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, வேரும் இறங்காது. இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம், மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடுகிறது என்பது. ஒரே பாதையில் நாலு தடவை போனாலும் நாற்பது தடவை போனாலும் கூடுதல் சேதம் கொஞ்சம்தான். ஆனால் நாற்பது தனித்தனிப் பாதையில் ஒவ்வொரு தடவை போனால் நாற்பது இடமும் கெடும். ஆகவே பாதைகள் சிலவாக இருக்கவேண்டும். வண்டி திரும்பத் திரும்ப அதிலேயே போகவேண்டும். வீட்டில் சேற்றுக்காலோடு வரும் பிள்ளையிடம் அம்மா சொல்வதும் இதைத்தான்: ஒரே பக்கமா நட!

ரோட்டுக்கு ஒரு கணக்கு

காட்டில் மூன்று வகையான வசதிகள் தேவை. லாரி ஓடும் ரோடு. தடிகளை அடுக்கி லாரியில் ஏற்றும் களம். மரம் விழுந்த இடத்திலிருந்து களம்வரை தடியை இழுத்துவரும் இழுவைப் பாதை. மூன்றும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். ரோட்டைக் குறைத்தால் இழுக்கும் தூரம் கூடும். இழுக்கும் தூரத்தைக் குறைத்தால் ரோடு கூடும்.

இதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் மேத்யூஸ் 1942-ல் மரவெட்டுத் தொழிலின் செலவுக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வனப்பொறியாளர்கள் இன்றும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்குதான், ஒரு உதாரணத்தோடு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

சமதளக் காடு. இணையாகப் பல ரோடுகள். ஒரு மீட்டர் ரோடு போட ஆயிரம் ரூபாய். ஹெக்டேருக்கு 20 கன மீட்டர் மரம் கிடைக்கும். ஒரு கன மீட்டர் மரத்தை ஒரு மீட்டர் தூரம் இழுக்க 2 ரூபாய். ரோட்டுக்கும் ரோட்டுக்கும் இடையே 500 மீட்டர் விட்டால், ஒவ்வொரு கன மீட்டர் மரத்தின் தலையிலும் ரோட்டுச் செலவு 1,000 ரூபாய் விழும். மரங்கள் இருபுறமும் பக்கத்து ரோட்டுக்குப் போகும் என்பதால் சராசரியாக இழுக்கும் தூரம் இடைவெளியில் கால் பங்கு, 125 மீட்டர். அதற்கு 250 ரூபாய். மொத்தம் 1,250. சரி, ரோட்டைக் குறைப்போம் என்று இடைவெளியை 2,000 மீட்டராக்கினால் ரோட்டுச் செலவு 250-க்கு இறங்கும். இழுவை 1,000-க்கு ஏறும். மறுபடியும் 1,250. நடுவில் 1,000 மீட்டர் வைத்தால்? ரோட்டுக்கு 500, இழுவைக்கு 500, மொத்தம் 1,000 ரூபாய். இரண்டு செலவும் சமமாகும் இடத்தில்தான் மொத்தச் செலவு மிகக் குறைவு.

இதோடு விட்டால் இது கம்பெனிக்கு மட்டும் உதவும் கணக்கு. காட்டுக்கு உதவும் சங்கதி அடுத்த வரியில் இருக்கிறது. இடைவெளியை 1,000-லிருந்து 1,200 மீட்டராக்கிப் பாருங்கள். ரோட்டுச் செலவு 417, இழுவை 600. மொத்தம் 1,017 ரூபாய். வெறும் 17 ரூபாய்தான் கூடுதல். ஆனால் காட்டுக்குள் போடவேண்டிய ரோட்டின் நீளம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! இந்தச் செலவுக்கோடு, அடி தட்டையான உருளியைப் போல இருக்கிறது. மிகக் குறைந்த செலவுக்கு அக்கம்பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்தால் பணம் பெரிதாகக் கூடாது. ரோட்டை இந்த ஓடையிலிருந்து நகர்த்து, அந்தச் சரிவைச் சுற்றிப் போ, குரங்குகள் உறங்கும் பழமரக் கூட்டத்தை விட்டு விலகு என்று கேட்க இடமிருக்கிறது. செலவு தாங்காது என்று சொல்லும் மேலாளரிடம் இந்த 17 ரூபாயைக் காட்டலாம்.

நிஜமான காடு சமதளமாகவா இருக்கிறது? மரங்களும் தூரத்துக்கு ஒன்றாக வரிசையில் நிற்பதில்லை. ஒரு மேட்டில் ஏழு, அடுத்த பள்ளத்தில் சுழியம். ஓடைகள், பாறை, சதுப்பு. சூத்திரம் இங்கே கைவிட்டுவிடும். தடி அடுக்கும் களத்துக்கு ஏற்றதாக 30 இடங்கள் தெரிகின்றன, அதில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டுமே 1,42,506 வழிகள். ஒவ்வொன்றுக்கும் ரோடு எப்படிப் போகும், இழுவைப் பாதைகள் எப்படிக் கிளைக்கும் என்று தனித்தனியாகப் பார்க்கவேண்டும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. கணினி செய்யும். அதுவும் எல்லா வழிகளையும் சோதித்து முடிப்பதில்லை. நல்லதாகத் தெரியும் ஒரு திட்டத்தை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி மேம்படுத்திக்கொண்டே போகும்.

கணினிக்குத் தீனி வேண்டுமே. மழைக்காட்டின் தரை மேலிருந்து பார்த்தால் தெரியாது, இலைக்கூரை மூடியிருக்கும். விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பும் லைடார் என்ற கருவி இங்கே கைகொடுக்கிறது. லட்சக்கணக்கான கதிர்களில் கொஞ்சமாவது இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும். அதை வைத்து மேடு பள்ளம், ஓடை எல்லாவற்றையும் வரைந்துவிடலாம். தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் வனத்துறை இதைக்கொண்டு ரோடுகளைத் திட்டமிடுகிறது. பிரேசிலின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராப்பா, மோடெஃப்ளோரா என்ற முறையை உருவாக்கியது. அதில் ஒவ்வொரு மரத்தின் இடமும் ஜி.பி.எஸ்.ஸில் பதிவாகும். ஓடைகளும் சரிவுகளும் அதே படத்தில் இருக்கும். அந்தப் படத்தின் மேல்தான் பாதை வரைவார்கள்.

ஆனாலும் கடைசியில் ஒருவர் பிளாஸ்டிக் ரிப்பன் சுருளோடு காட்டுக்குள் நடந்தே ஆகவேண்டும். படத்தில் வரைந்த பாதையில் ஒரு பெரிய பாறை இருக்கலாம், போன மழையில் ஓடை இடம் மாறியிருக்கலாம். அவர் நடந்து, திருத்தி, மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டிக்கொண்டு போவார். ரோடு கூடியவரை மலைமுகட்டிலேயே போகவேண்டும். தடியைக் கீழிருந்து மேலே முகட்டுக்கு இழுக்கவேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் இழுவைப் பாதைகளில் விரிந்து பிரிந்து காட்டுக்குள் போகும். தலைகீழாகச் செய்து, எல்லாப் பாதைகளும் பள்ளத்தில் ஒரே களத்தில் வந்து சேர்ந்தால், மழை பெய்யும்போது எல்லாத் தண்ணீரும் மண்ணோடு அங்கேதான் வரும். பக்கத்து ஓடை காவி நிறத்தில் ஓடும். மரத்தைப் பாதைக்குச் சாய்கோணமாக, மீன் முள் மாதிரி விழும்படி வெட்டவேண்டும். குறுக்கே விழுந்தால் தடியைத் திருப்புவதற்கே நாலு இளமரம் போய்விடும்.

தொலைந்துபோன மரங்கள்

இத்தனையும் செய்ய ஆள் கூலி, சர்வே, நேரம் என்று செலவாகுமே, கட்டுப்படியாகுமா? இதற்கு பிரேசிலின் பாரா மாநிலத்தில் பாராகோமினாஸ் பகுதியில் 1990-களில் கிடைத்த பதில் ஆச்சரியமானது. அங்கே ஒரு பண்ணைக் காட்டில் இரண்டு முறைகளையும் அருகருகே செய்து பைசா பைசாவாகக் கணக்கெழுதினார்கள். 2002-ல் வெளியான அந்த முடிவுப்படி, திட்டமிட்ட முறையில் ஒரு கன மீட்டர் மரத்துக்கு ஆன செலவு சுமார் 12 சதவிகிதம் குறைவு.

எப்படி? வழக்கமான முறையில் வெட்டிய மரத்தில் ஏறக்குறைய கால்வாசி வீணாகியிருந்தது. அடியில் தேவையில்லாமல் உயரமாக விட்டுவிட்ட குற்றி, தப்பாகச் சாய்த்ததில் பிளந்துபோன தடி. இவற்றோடு, தொலைந்துபோன மரங்கள்! ரம்பக்காரர் வெட்டிச் சாய்த்திருப்பார். பின்னால் வந்த ஓட்டுநருக்கு அது கண்ணில் படாது. நூறு வருடம் வளர்ந்த மரத்தை வெட்டிப்போட்டுவிட்டு, எங்கே போட்டோம் என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்விடுவது! வரைபடம் இருந்த இடத்தில் இந்த மொத்த நஷ்டமும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது. வண்டியும் தேடி அலையவில்லை, டீசலும் மிச்சம்.

இதைக் கேட்டு எல்லோரும் உடனே மாறியிருக்கவேண்டும். மாறவில்லை. ஒரு காரணம் நிலம். பாராகோமினாஸ் ஓரளவு சமதளம். சபா மலைப்பாங்கானது. அங்கே விதிப்படி செங்குத்தான சரிவுகளையும் ஓடைக் கரைகளையும் தொடாமல் விட்டால், அவற்றில் நிற்கும் விலைமதிப்புள்ள மரங்களையும் விட்டாகவேண்டும். சபாவில் கணக்குப் பார்த்தவர்கள், அந்த மரங்களின் விலை கம்பெனிக்கு நஷ்டமாகிறது என்று கண்டார்கள். ஒரே முறை ஓர் ஊரில் லாபம், இன்னோர் ஊரில் நஷ்டம். எல்லா இடத்திலும் லாபம் என்று விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இன்னொரு காரணம் கூலி. பெரும்பாலான இடங்களில் ரம்பக்காரருக்கும் ஓட்டுநருக்கும் கன மீட்டர் கணக்கில்தான் சம்பளம். எத்தனை தடி களத்துக்கு வந்தது, அவ்வளவுதான். ரிப்பன் கட்டிய பாதையில் சுற்றிப் போனால் அன்றைக்கு இரண்டு தடி குறையும். வீட்டில் அரிசி அதற்கேற்பக் குறையும். அலுவலகத்தில் எவ்வளவு நேர்த்தியான திட்டம் போட்டாலும், வண்டி ஓட்டுபவருக்கு அதைப் பின்பற்றுவதால் கைக்காசு போகிறது என்றால் திட்டம் காகிதத்தோடு சரி. உரிமம் சில வருடங்களுக்குத்தான் என்றால் முதலாளிக்கும் அப்படியே. நாற்பது வருடம் கழித்து அந்த இளமரத்தை வெட்டப்போவது அவர் இல்லை. இந்தோனேசியாவின் கிழக்கு காலிமந்தானில் நற்சான்று பெற்ற காடுகளையும் பெறாத காடுகளையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஆய்வில், வெட்டு வேலையால் வெளியான மொத்தக் கரிமத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. சான்றிதழ் சுவரில் தொங்கியது. ரம்பமும் புல்டோசரும் பழைய பழக்கத்தை முழுசாக விடவில்லை.

சபாவிலேயே வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. டெராமக்கோட் என்று சுமார் 55,000 ஹெக்டேர் காடு. தாறுமாறாக வெட்டித் தேய்ந்துபோய், 1989-ல் வெட்டு நிறுத்தப்பட்டது. ஜெர்மன் தொழில்நுட்ப உதவியோடு மாநில வனத்துறையே திட்டம் தீட்டியது. 1995-ல் மறுபடி வெட்டத் தொடங்கியபோது பகுதி பகுதியாக, வரைபடத்தோடு, சேதம் குறைந்த முறையில் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். 1997-ல் எஃப்.எஸ்.சி. என்ற சர்வதேச நற்சான்று கிடைத்தது. தடிகளை ஏலத்தில் விடுகிறார்கள். சான்றுபெற்ற மரம் என்பதால் கூடுதல் விலை கேட்க முடிகிறது. ஒராங்குட்டானும் படைச்சிறுத்தையும் அங்கே இன்னும் இருக்கின்றன. நிலம் தன்னுடையது, நாளைக்கும் தான்தான் இங்கே இருப்போம் என்று தெரிந்த ஓர் அமைப்பு செய்ததால் வந்த வித்தியாசம் இது.

மரம் போன பின் ரோடு

ரோட்டுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. அது லாரிகள் போனபிறகு ஆரம்பிக்கிறது.

பிரேசிலின் அமேசானில், அழிந்த காட்டில் சுமார் 95 சதவிகிதம் ஏதாவது ஒரு ரோட்டிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள், அல்லது ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. மரக் கம்பெனி பத்து மரம் எடுத்துவிட்டுப் போயிருக்கும். அது போட்ட வழியில் மாட்டுப் பண்ணைக்காரர் வருவார், நிலம் பிடிப்பவர் வருவார், தீ வரும். காங்கோ படுகையில் 2003-ல் சுமார் 1,44,000 கிலோமீட்டராக இருந்த ரோட்டு வலை 2018-ல் 2,31,000 கிலோமீட்டராக வளர்ந்துவிட்டது. மரவெட்டு உரிமப் பகுதிகளுக்குள் மட்டும் அது இரட்டிப்பானது.

அதே ஆய்வில் ஆறுதலான ஒரு செய்தியும் இருந்தது. உரிமப் பகுதிகளில் இருந்த ரோடுகளில் 44 சதவிகிதம் கைவிடப்பட்டிருந்தன. கைவிட்ட ரோட்டைக் காடு திரும்ப எடுத்துக்கொள்கிறது, ஆட்கள் விட்டால். ரோட்டைத் திட்டமிடும்போதே அதை மூடுவதையும் சேர்த்துத் திட்டமிடவேண்டும் என்று வனப்பொறியாளர்கள் இப்போது வற்புறுத்துவது இதனால்தான். பாலத்தின் மரங்களைக் கழற்றி எடுப்பது, நுழைவாயிலில் பெரும் தடிகளைக் குறுக்கே போடுவது, சரிவில் மழைநீர் திரும்பிப் போகக் குறுக்கு வரப்பு கட்டுவது. மூடவேண்டிய ரோட்டில் ஒரு பெரிய ஓடை குறுக்கிடும்படி முதலிலேயே வரைந்தால், ஒரே ஒரு பாலத்தை எடுத்தால் போதும், அதற்கப்பால் உள்ள அத்தனை கிலோமீட்டரும் மூடிக்கொள்ளும். அடுத்த சுற்று வெட்டுக்கு வரும்போது புதிதாக ரோடு போடாமல் பழையதையே திறந்துகொண்டால் மண்ணும் மரமும் மிச்சம்.

மூடினால் பலன் தெரிகிறதா? காபோன், காங்கோ குடியரசு இரண்டு நாடுகளிலும் 14 உரிமப் பகுதிகளில் தானியங்கி கேமராக்களை வைத்து, சுமார் 13 லட்சம் படங்களைப் பார்த்து, 2024-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். எஃப்.எஸ்.சி. சான்றுள்ள காடுகளில் யானை, கொரில்லா போன்ற 100 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய விலங்குகள் மற்ற காடுகளைவிட 2.7 மடங்கு அதிகமாகத் தென்பட்டன. இரண்டு பக்கமும் மரம் வெட்டுகிறார்கள். சான்றுள்ள பக்கத்தில் பழைய ரோடுகளை மூடுகிறார்கள், வாயிலில் ஆள் நிறுத்துகிறார்கள், தொழிலாளர்களுக்குக் காட்டு இறைச்சிக்குப் பதிலாக வேறு இறைச்சிக்கு வழி செய்கிறார்கள். வேட்டைக்காரர்கள் உள்ளே வர வழி குறைகிறது.

ரோட்டை மூடுவதற்கு எல்லோரும் சம்மதிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். காட்டோரக் கிராமங்களுக்கு அந்த மண் பாதைதான் பல நேரம் ஒரே ரோடு. பிரசவ வலி எடுத்த பெண்ணை அதில்தான் கொண்டுபோகிறார்கள். வாழையும் மரவள்ளியும் அதில்தான் சந்தைக்குப் போகின்றன. லாரி வருகிறவரை இருந்த பாலம், கம்பெனி கிளம்பும்போது கழற்றப்பட்டால் அவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. சில இடங்களில் கிராமம்வரை உள்ள ரோட்டை விட்டுவிட்டு, அதிலிருந்து காட்டுக்குள் பிரியும் கிளைகளை மட்டும் மூடுகிறார்கள். சில இடங்களில் ஒரு சங்கிலித் தடுப்பும் காவலாளியும். ஊர்க்காரர்களின் வண்டி போகலாம். துப்பாக்கியோ இறைச்சி மூட்டையோ இருந்தால் திருப்பி அனுப்பப்படும். அந்தத் தடுப்பை எங்கே போடுவது, ஊருக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதையும் முதல் வரைபடத்திலேயே, ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு குறித்தாகவேண்டும்.